ஆதுலர் சாலைச் சோறு: உணவுத் தரக் கொள்கையும் அறுவை நோயாளியும்

(ஸ்ரீரங்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறுவை மருத்துவன் ஒருவனைப் பேச அழைத்தால் கத்தி, தையல், கருவி என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நோயாளி அறுவைக்குப் பிறகு எழுந்து நடப்பாரா, தையல் பிரியாமல் ஆறுமா, சீழ் பிடிக்காமல் தப்புவாரா என்பதில் பெரும்பங்கு, அவர் மேசையில் படுப்பதற்குப் பல மாதங்கள் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ரேஷன் கடையிலும் அரிசி ஆலையிலும் வீட்டு அடுப்பிலும் அது தீர்மானமாகிறது. பிறகு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் உறுதியாகிறது. உணவின் தரத்தை ஒரு துறை ஆராய்கிறது. அறுவை நோயாளியின் நலத்தை வேறொரு துறை ஆராய்கிறது. இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து பேசாததால் காப்பாற்றக்கூடிய உயிர்களை இழக்கிறோம். இதுவே என் பேச்சின் சாரம். இனி அதற்கான சான்றுகளை உங்கள்முன் வைக்கிறேன்.

1. கல்லில் வெட்டிய படி அளவு

இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். நம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்குச் சந்நிதி இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் ஒரு மருத்துவமனையின் வரலாறு இருக்கிறது. ஹொய்சளர் ஆட்சி இப்பகுதியில் நடந்த 13ஆம் நூற்றாண்டில் கருடவாகன பட்டர் என்பவர் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை அமைத்தார். பின்னர் வந்த படையெடுப்பில் அது அழிந்தது. அதே பெயர் மரபில் வந்த ஸ்ரீநிவாசர் என்னும் கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்பதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அழிந்த மருத்துவமனையை மீண்டும் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் பல தலைமுறை கடந்தும் இந்த ஊரில் உயிரோடு இருந்திருக்கிறது.

அத்தகைய ஒரு சாலையில் நோயாளிக்கு என்ன உணவு தந்தார்கள் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலுக்குப் போகவேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையின், அதாவது மருத்துவமனையின், வரவு செலவைச் சொல்கிறது. நோயாளர் 15 பேருக்குப் படுக்கை, மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர், அதாவது அறுவை மருத்துவர், ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். இவர்களுக்குத் தரவேண்டிய நெல்லும் காசும் எழுதப்பட்டிருக்கின்றன. அதே வரிசையில், நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என்பதும், ஏலமும் வெட்டிவேரும் இட்ட தண்ணீரும், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தக் கல்வெட்டைப் பழம்பெருமை பேசுவதற்காக நான் எடுத்துக்காட்டவில்லை. அதில் ஒரு நிர்வாக முறை இருக்கிறது. அறுவை மருத்துவரின் ஊதியமும் நோயாளியின் அரிசியும் ஒரே ஆவணத்தில், ஒரே பொறுப்பில் வருகின்றன. உணவு அங்கே சிகிச்சையின் ஓர் உறுப்பு. அளவு குறிக்கப்பட்டது, குறைந்தால் கேட்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. இன்று அறுவைக் குறிப்பு ஒரு கோப்பில் இருக்கிறது, உணவு ஒப்பந்தம் வேறொரு மேசையில் இருக்கிறது.

2. குன்னூரும் நெய்யூரும்

உணவையும் அறுவையையும் சேர்த்துவைத்து ஆராய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் அதை உலகத்துக்குக் காட்டிய இடங்கள் நம் பக்கத்திலேயே இருந்தன.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாகி, 1958இல் ஹைதராபாத் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து எலிகளுக்குக் கொடுத்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்டவை நலிந்தன. மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்டவற்றில் இரைப்பைப் புண் மிகுந்திருந்தது.

அவருக்குப் பின் குன்னூருக்குத் தலைமை ஏற்ற ஏக்ராய்ட் அரிசியை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அரிது. இரு பக்கமும் அரிசிதான் சாப்பாடு. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் வீட்டுப் பெண்களின் புழுக்கல் பானை ஒரு கொடிய நோயைத் தடுத்து வைத்திருந்தது. அறுவை மருத்துவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு: தயமின் வற்றிய உடம்புக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படலாம். நலிந்த நோயாளிக்கு எதை முதலில் கொடுப்பது என்ற கேள்வி நெல் அவிக்கும் களத்தில் தொடங்குகிறது.

அதே காலத்தில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் ஒருவர் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறச்சென்ற குழுக்களில் இருந்தவர். முதல் பயணத்துக்குப் பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்கவந்தவர், அங்கே குவிந்துகிடந்த நோயாளரைக் கண்டு, லண்டன் வாழ்வை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் வந்தவர்களில் பெருந்தொகையினர் முன்சிறுகுடல் புண்ணால் வாடியவர்கள். உண்டது இறங்காமல், வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை செய்த சோமர்வெல், இந்த நோய் ஏன் இங்கே இவ்வளவு மிகுதி என்று கேட்டார். விடையை அவர் தேடியது அவர்களுடைய சாப்பாட்டில். 1936இல் ‘ஓர்’ (Orr) எனும் மருத்துவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, குன்னூர் எலிகளையும் நெய்யூர் நோயாளிகளையும் இணைக்கும் பாலம்.

இந்தத் தேடலைப் பிற்காலத்தவர் தொடர்ந்தார்கள். 1960களில் ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா, ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு, வடக்கைவிடத் தெற்கே இந்தப் புண் மிகுதி என்று காட்டினார். மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, தீட்டிய அரிசியும் மரவள்ளியும் உண்ணும் பகுதிகளில் புண் அதிகம், தவிடு நீக்காத கோதுமையும் சிறுதானியமும் கொள்ளு போன்ற பருப்பும் உண்ணும் பகுதிகளில் குறைவு என்று பல ஆண்டுகள் சான்று திரட்டினார். 1982இல் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். புண்ணுக்கு மருந்து கிடைத்தது, கத்தி ஓய்ந்தது. நல்லது. ஆனால் அந்த நுண்ணுயிர் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படுகிறது. புண் மட்டும் ஏன் தெற்கே மிகுந்திருந்தது என்ற கேள்வியை அது தனியாக விளக்கவில்லை. உணவைப் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மருந்து வந்ததும் நாம் அந்தக் கேள்வியைக் கைவிட்டோம் என்பது என் வருத்தம்.

3. எடை சொல்லும் செய்தி

நெய்யூர்க் கட்டுரை வந்த அதே 1936இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் மிக எளிய ஒரு கணக்கைப் போட்டார். அவரும் பார்த்தது வயிற்றுப்புண் நோயாளரைத்தான். அறுவைக்கு முன் உடல் எடையில் 20 சதவீதத்துக்குமேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் அறுவைக்குப்பின் இறந்தார். அதற்குக் குறைவாக இழந்தவர்களில் இறப்பு 3.5 சதவீதம்தான். அதே கைகள், அதே அறுவை, அதே அரங்கு. வித்தியாசம் தராசு முள்ளில் இருந்தது.

இதன் காரணத்தை இன்று நாம் அறிவோம். அறுவை என்பது உடலுக்கு ஒரு காயம். அந்தக் காயத்தை ஆற்றவும் கிருமியை எதிர்க்கவும் உடல் புரதத்தைக் கேட்கிறது. வெளியிலிருந்து வராவிட்டால் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. தசை ஏற்கெனவே வற்றியிருந்தால் எடுக்க ஒன்றுமில்லை. அப்போது தையல் பிடிப்பதில்லை, மூச்சுத்தசை தளர்ந்து சளி வெளியேறுவதில்லை, படுக்கைப்புண் வருகிறது.

ஜான் கிராண்டன் என்ற இளம் மருத்துவர் இதைத் தன் உடம்பிலேயே பார்த்தார். பாஸ்டனில், 1939–40இல், வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டார். மூன்று மாதம் கழித்து அவர் முதுகில் ஒரு சிறு வெட்டுப் போட்டார்கள், நன்றாக ஆறியது. ஆறு மாதம் கழித்து மீண்டும் வெட்டினார்கள். மேல்தோல் மூடியதுபோல் தெரிந்தது. அடியில் ஆறவே இல்லை. வைட்டமின் சி ஏற்றிய பிறகு ஆறியது. காயத்தை இறுகப் பிணைக்கும் கொலாஜன் நார் உருவாக அந்த வைட்டமின் தேவை. நெல்லிக்காயும் கொய்யாவும் கூடைகூடையாக விற்கும் ஊரில் வாழ்கிறோம். அறுவைக்குக் காத்திருக்கும் மூதாட்டியின் தட்டில் அவற்றில் ஒன்றாவது இருந்ததா என்று யார் கேட்கிறோம்?

1974இல் சார்ல்ஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னார். மருத்துவமனைக்குள் வந்தபிறகே பல நோயாளிகள் மேலும் மெலிகிறார்கள். எடையைக் குறித்துவைக்கவும் யாருமில்லை என்று எழுதினார். ஐம்பது ஆண்டு ஆகிறது. 2023இல் 75 நாடுகளின் 381 மருத்துவமனைகளில், குடல் புற்றுநோய்க்கோ இரைப்பைப் புற்றுநோய்க்கோ அறுவை செய்துகொண்ட 5,709 நோயாளரை ஆராய்ந்த முடிவு லான்செட் குழும இதழில் வந்தது. மூன்றில் ஒருவர் கடும் ஊட்டக்குறைவோடு மேசைக்கு வந்திருந்தார். குறைந்த வருமான நாடுகளிலும், இந்தியாவை உள்ளடக்கிய கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் அது 62.8 சதவீதம். இந்நாடுகளில் அறுவைக்குப்பின் ஒரு மாதத்துக்குள் நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கடும் ஊட்டக்குறைவின் வழியே வந்தது என்று ஆய்வாளர் மதிப்பிட்டார்கள். மாணவர்களே, இந்த எண்களை நினைவில் வையுங்கள். நமக்கு வேண்டியது புதிய கருவி மட்டும் என்று யாராவது சொன்னால் இவற்றை எடுத்து நீட்டுங்கள்.

4. வெறும் வயிற்றின் கணக்கு

வைகுண்ட ஏகாதசிக்கு இந்த ஊரே உபவாசம் இருக்கிறது. விரும்பி ஏற்றது, விடிந்தால் துவாதசிப் பாரணை உண்டு. அறுவை நோயாளியின் பட்டினி அப்படிப்பட்டதன்று. ‘ராத்திரி பத்து மணிக்குமேல் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் பெயர் ஓ.டி. லிஸ்டில் கடைசியில் இருக்கும். மாலை நான்கு மணிக்கு, ‘இன்னிக்கு முடியல, நாளைக்கு வச்சுக்கலாம்’ என்பார்கள். அந்த இரவு மீண்டும் பத்து மணி வரும். எழுபது வயதுக்காரர் இரண்டு நாள் வாடிப்போவார். அவரோடு வந்த மகளும் ‘அப்பா சாப்பிடலையே’ என்று தானும் சாப்பிடாமல் இருப்பாள்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1946இல் நியூயார்க்கின் மெண்டல்சன், 44,016 பேறுகால நோயாளரில் 66 பேருக்கு மயக்கநிலையில் வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதைப் பதிவுசெய்தார். அன்றைய மயக்கமுறைகளில் அது மெய்யான ஆபத்து. இன்றும் வயிற்றில் திட உணவு இருக்கக்கூடாது. ஆனால் தண்ணீர் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதில்லை. தண்ணீர், பாலில்லாத தேநீர், வடிகட்டிய பழச்சாறு போன்றவற்றை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரையும், லேசான உணவை ஆறு மணி நேரம் முன்புவரையும் அனுமதிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 1999இலேயே வழிகாட்டிவிட்டது. குடல் அடைப்பு உள்ளவர், கர்ப்பிணி, நெடுநாள் சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர் ஆகியோருக்கு விதி வேறு. அதை மயக்க மருத்துவர் முடிவுசெய்வார். மற்றவர்களுக்கு இரவு பத்து மணி விதி வெறும் பழக்கம்.

டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் இன்னும் முன்னே சென்றார். அறுவைக்கு முன் மாவுச்சத்துப் பானம், முடிந்த அன்றே வாய்வழி உணவு, மறுநாளே நடை, தேவையற்ற குழாய்கள் வேண்டாம். தனித்தனியே சிறியவை, சேர்ந்தால் நோயாளி முன்னதாகவே வீடு திரும்புகிறார். ஐரோப்பாவில் 2001இல் ஓர் ஆய்வுக் குழுவும் 2010இல் ஒரு சங்கமும் இதற்காகவே தோன்றின. இதில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. வேண்டியதெல்லாம் மயக்க மருத்துவர், செவிலியர், சமையற்கூடம் மூவரும் ஒரே நேர அட்டவணையைப் பின்பற்றுவது.

5. சட்டம் பார்ப்பதும் பாராததும்

இனி உணவுத் தரக் கொள்கைக்கு வருகிறேன். சென்னை மாகாணம் 1918இலேயே கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியது. குன்னூர் ஆய்வு தொடங்கிய அதே ஆண்டு. 1954இல் நாடு முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதன் விதிகள் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. பாதுகாப்பற்ற உணவு, தரம் குறைந்த உணவு, பொய்முத்திரை இட்ட உணவு என்று அது பிரித்துத் தண்டிக்கிறது.

இதன் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைத்தாரைக் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதை விதிகள் தடைசெய்கின்றன. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் வாழைப்பழமும் ஆப்பிளும்தான் இருக்கும். அது நஞ்சில்லாமல் இருக்கவேண்டும். 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் கொழுப்பிலும் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி, இதய அறுவை வார்டுகளுக்கு வருகிறவர் எண்ணிக்கையையே நாளடைவில் குறைக்கக்கூடியது.

ஆயினும் இந்தச் சட்டம் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது. உணவில் இருக்கக்கூடாதது இருக்கிறதா என்று சோதிக்கிறது. இருக்கவேண்டியது இருக்கிறதா என்ற கேள்வி, குறிப்பாக நோயாளியின் தட்டைப் பற்றி, அதன் எல்லைக்குள் வருவதில்லை. மருத்துவமனைச் சமையற்கூடமும் உரிமமோ பதிவோ பெறவேண்டும். தூய்மைக்குச் சோதனை உண்டு. சுத்தமாகச் சமைத்த நீர்க்கஞ்சி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். நோயாளி மட்டும் தேறமாட்டார்.

கணக்குப் பாருங்கள். பெரிய அறுவை முடிந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதம். 50 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சி மூன்று வேளை குடித்தால் 12 கிராம். ரசம் சாதத்தில் அதைவிடச் சற்றுக் கூடும். இடைவெளியை நிரப்ப முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு கைப்பிடி துவரம்பருப்புக்கு அதே அளவு, ஒரு டம்ளர் பாலுக்கு அதே அளவு என்று கட்டவேண்டும். இப்படி எட்டுப் பங்கு சேர்ந்தால்தான் இலக்கின் கீழ் எல்லையைத் தொடுகிறோம்.

இங்கே பத்தியம் குறுக்கே வருகிறது. ‘பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும்’, ‘முட்டை சூடு’, ‘மீன் கரப்பான் பண்டம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு தடுக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பத்தியம் என்பதே உணவு மருந்தாகும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தது. அந்த நம்பிக்கை சரியானது. பட்டியல்தான் மாறவேண்டும். பாட்டியின் காதில் விழும்படி டிஸ்சார்ஜ் நாளன்று செவிலியர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பருப்பும் முட்டையும் காயத்தை ஆற்றும் என்று எடுத்துச்சொன்னால், பத்தியத்தின் முழு வலிமையும் நோயாளிக்குத் துணையாகிவிடும்.

6. திருச்சி மாவட்டத்தின் அரிசி

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வாய்ப்பைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செறிவூட்டிய அரிசியைப் பொது விநியோகத்தில் கொடுக்கும் முன்னோடித் திட்டத்தை மத்திய அரசு வகுத்தபோது, மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என்று தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டில் தேர்வானது திருச்சிராப்பள்ளி. 2020இல் நம் ரேஷன் கடைகளுக்கு அது வந்தது. மற்ற மாவட்டங்களுக்கு அதன் பிறகே விரிந்தது. அரிசி மாவில் சத்துகளைச் சேர்த்து மீண்டும் அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணிகளை, நூற்றுக்கு ஒன்று வீதம் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும் என்பது விதி. நிறம் சற்று மாறித் தெரிந்ததால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அஞ்சி அதைப் பொறுக்கி எறிந்த வீடுகள் பல. சத்தைப் பொறுக்கி எறிந்தார்கள். விளக்கிச் சொல்லவேண்டிய நாம் சொல்லவில்லை.

இதில் அறுவை மருத்துவருக்கு என்ன வேலை? இரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. 2011இல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒன்று, இதய அறுவை தவிர்த்த பிற அறுவைகள் செய்துகொண்ட 2,27,425 பேரின் பதிவுகளைப் பார்த்தது. லேசான இரத்தசோகைகூட அறுவைக்குப் பிந்தைய இறப்பையும் சிக்கலையும் கூட்டுகிறது என்று கண்டது. அப்படியானால் அறுவைக்குச் சில வாரம் முன்பு நரம்பில் இரும்பை ஏற்றிவிட்டால் போதாதா? பிரிட்டனில் அதையே சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவு: வயிற்றுப் பெரு அறுவைக்கு முன் கொடுத்த இரும்பு ஊசி, இரத்தம் ஏற்றும் தேவையையோ இறப்பையோ குறைக்கவில்லை. கடைசி நேர மருந்து, ஆண்டுக்கணக்கான குறையை ஈடுசெய்யவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆகவே அன்றாட உணவுக்கே திரும்பவேண்டியிருக்கிறது.

செறிவூட்டிய அரிசியால் இரத்தசோகை குறைகிறதா என்பதிலும் அறிஞர்கள் ஒருமுகமாக இல்லை. உலக ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடு, பலன் மிகச் சிறிது அல்லது இல்லை என்ற பக்கமே சாய்ந்தது. தலசீமியா போன்ற குருதிக்கோளாறு உள்ளவர்களைப் பற்றிய கவலையும் நியாயமானது. ஐயம் இருக்கும் இடத்தில் ஆய்வு வேண்டும். அந்த ஆய்வைச் செய்யத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் எது? பக்கத்து மாவட்டங்களுக்கு முன்பே நமக்கு அரிசி வந்தது. அறுவைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபின் பார்த்தே தீரவேண்டும்; அந்த எண் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2020க்கு முன், 2020க்குப் பின்; இந்த மாவட்டம், பக்கத்து மாவட்டம்; ரேஷன் அரிசி உண்பவர், உண்ணாதவர். பெருந்தொற்றுக் காலம் இடையில் வந்ததைக் கணக்கில் எடுக்கவேண்டும்; அது கடினம், ஆனால் செய்யக்கூடியது. ஓர் உணவுக் கொள்கையின் பலனை அறுவை வார்டின் பதிவேட்டில் படிக்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

7. நாம் செய்யவேண்டியவை

நான்கு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

முதலாவது, அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே எடை, கடந்த ஆறு மாத எடையிழப்பு, ஹீமோகுளோபின் மூன்றும் எழுதப்படட்டும். அவசர அறுவை காத்திருக்காது. காத்திருக்கக்கூடிய அறுவைகளில், கடும் ஊட்டக்குறைவு உள்ளவருக்கு ஒன்றிரண்டு வாரம் உணவூட்டிவிட்டு அறுவை செய்வது தாமதம் ஆகாது. அது சிகிச்சையின் முதல் பகுதி.

இரண்டாவது, பட்டினி நேரம் கோப்பில் எழுதப்படட்டும். கடைசியாக எப்போது உண்டார், எப்போது குடித்தார், அறுவை தள்ளிப்போனதும் எப்போது உணவு கொடுத்தோம் என்று எழுதத் தொடங்கினாலே நேரம் குறையும்.

மூன்றாவது, மருத்துவமனை உணவை அளந்து ஆராயவேண்டும். பரிமாறியது எவ்வளவு, தட்டில் மீந்தது எவ்வளவு, ரவுண்ட்ஸ் நேரத்திலோ ஸ்கேனுக்குப் போன நேரத்திலோ சாப்பாட்டு வண்டி கடந்துபோனதால் தவறியது எவ்வளவு? இதை ஆராய மருத்துவப் பட்டம் தேவையில்லை. சமூகப்பணி மாணவர் ஒருவர் தராசும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு செய்யலாம். பெரிய கோயிலில் 2012 செப்டம்பரிலிருந்து நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. மடைப்பள்ளியில் தளிகைக்கு இத்தனை படி என்ற கணக்கு தவறுவதில்லை. அந்த ஒழுங்கு நோயாளியின் தட்டுக்கும் வரவேண்டும்.

நான்காவது, இதற்கான அறிஞர்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் நகரத்துக்குள் இருக்கின்றன. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கே இயங்குகிறது. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் தஞ்சையில், நெல் பதப்படுத்தும் ஆய்வாகத் தொடங்கி இன்று தேசிய நிறுவனமாக வளர்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எளிதில் செரிக்கும், விலை குறைந்த, நம் நாக்குக்குப் பழகிய, புரதம் நிறைந்த ஓர் உணவைப் பொட்டுக்கடலை, கேழ்வரகு, வாழை மாவு கொண்டு இவர்களால் உருவாக்க முடியும். அதை அறுவை வார்டில் முறையாகச் சோதித்து, பலித்தால் பலித்தது என்றும் பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்றும் வெளியிடவேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதத்தான் போகிறார்கள். அவற்றில் ஆண்டுக்கு ஒன்றையாவது அறுவைத் துறையும் உணவுத் துறையும் சேர்ந்து வழிநடத்தட்டும். அப்படி எழுதப்படும் ஆய்வேட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கும்படி இந்த அறக்கட்டளையாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

மெக்காரிசனுக்கு ஓர் அறை போதுமாயிருந்தது. ஸ்டட்லிக்கு ஒரு தராசு போதுமாயிருந்தது. நம்மிடம் அவற்றைவிட அதிகம் இருக்கிறது. காத்திருக்கும் நோயாளிகளும் அதிகம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச வருகிறவர், திருச்சியில் எடுத்த எண்களோடு வரவேண்டும் என்பது என் விருப்பம். அந்த எண்களைத் திரட்டப்போகிறவர்கள் இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள்தாம் என்று நம்பி விடைபெறுகிறேன்.